புரூஜ் நகரில் நான்கு இரவுகள்

ஆடம்பரப் பயணம் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது விமானத்தில் கால் நீட்டிப் படுக்கிற இருக்கையை. சுமதிலால் கோத்தாரி முதலில் வெட்டியதே அதைத்தான்.

"பிளேனுக்குள்ள யாரு பாக்கப்போறா? சாதா சீட்டே போடுங்க பென்," என்றார்.

யாரும் பார்க்காவிட்டால் முழங்கால் வலிக்காதா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எழுபத்தோரு வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், அகமதாபாத்தின் பால்டி பகுதியில் பள்ளி நோட்டும் பேனாவும் விற்கிற ஒரு கடை. இப்படிப்பட்டவர்கள் வந்தால் நாற்பது பேர் கொண்ட கூட்டப் பயணத்தில்தான் சேர்த்துவிடுவோம். பஸ்ஸில் சமையல்காரரும் கூடவே வருவார், பாரிசிலும் பருப்பும் ரொட்டியும் கிடைக்கும், ஒன்பது நாளில் ஏழு நாடு பார்த்துவிட்டு வந்து சொந்தக்காரர்களுக்குப் படம் காட்டுவார்கள். இவர் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெல்ஜியத்தில் புரூஜ் என்கிற பழைய ஊர், அங்கே இருப்பதிலேயே பெரிய ஹோட்டல், கால்வாய் பார்த்த அறை, தானும் மனைவியும் மட்டும், மொத்தம் ஆறு லட்சம், அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்றார்.

நான் அகமதாபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. இங்கே அக்கா என்பதற்குப் பென், அண்ணா என்பதற்குப் பாய். தமயந்திபென் என்றால் சி.ஜி. ரோடில் பாதிப் பேருக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக இந்த ஊர்க்காரர்களுக்கு டிக்கெட் போடுகிறேன். ஒருவர் எதற்காகப் பணத்தை இறைக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். மகன் அனுப்பிய டாலர், ஐம்பதாவது கல்யாண நாள், எதிர்வீட்டுக்காரன் போய்வந்துவிட்டான் என்ற வயிற்றெரிச்சல், இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவர் எதிலும் அடங்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றோம். படகுச் சவாரி வேண்டாம். அருங்காட்சியகம் வேண்டாம். சாக்லேட் செய்கிற இடம் வேண்டாம். மணிக்கூண்டு நுழைவுச் சீட்டை நீட்டினால், "முந்நூத்திச் சொச்சம் படி. நீங்க ஏறுவீங்களா?" என்று என்னையே மேலும் கீழும் பார்த்தார். ஆனால் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க ஒரு கறுப்பு பென்ஸ் கார் வேண்டும், தொப்பி போட்ட டிரைவர் வேண்டும் என்றார். அதற்கு மட்டும் ஐம்பதாயிரம் ஆகும் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார்.

"ரயில்ல போனா ரெண்டு பேருக்கும் நாலாயிரத்துல முடிஞ்சிடும் பாய்."

"ரயிலு ஸ்டேஷனோட நின்னுடும். காருதான் வாசல் வரைக்கும் வரும்."

"யாரு வாசல் வரைக்கும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தனக்குச் சுகம் தருகிற ஒவ்வொன்றையும் வெட்டிவிட்டு, அடுத்தவன் கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்படி ஒரு பகட்டா இந்த வயதில் என்று மனசுக்குள் திட்டினேன்.

தேதியைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எட்டு நாளையும் வருடத் தொடக்கத்திலேயே மேசைக் காலண்டரில் சிவப்பு மையால் வளைத்து வைத்துவிடுவேன். பர்யூஷண் நோன்பு நாட்கள். ஜைனர்கள் பச்சைக் காய்கறியைத் தொடமாட்டார்கள், கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிப்பார்கள், கூடியவரை ஊரைவிட்டு நகரமாட்டார்கள். கடைசி நாளான சம்வத்சரியன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பட்டினி கிடக்கும். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஈ ஓட்டுவோம்.

"பாய், இது பர்யூஷண்."

"தெரியும். எழுதுங்க."

"சம்வத்சரி அன்னிக்கு அங்க இருப்பீங்களே."

"தெரிஞ்சுதான் சொல்றேன். அன்னிக்கு எனக்குத் தண்ணிகூடக் கிடையாது. கார்ல பாட்டில் வைக்க வேணாம்னு சொல்லிடுங்க. மறுநாள் காலையில ஆறு மணிக்கெல்லாம் ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடணும். அதுக்கேத்த பிளைட் பாருங்க."

"இந்த நாள்ல பிரயாணம் பண்றது பாவம்னு உங்க ஆளுங்களே சொல்வாங்க."

"அந்தப் பாவத்துக்கும் அன்னிக்குச் சாயங்காலமே மன்னிப்புக் கேட்டுடறேன். வசதியாப் போச்சு," என்றார்.

இரவுக்கு ஐம்பத்தையாயிரம் கொடுத்துக் கால்வாய் பார்த்த அறையில் உட்கார்ந்துகொண்டு, டப்பாவில் எடுத்துப்போன காக்ரா என்கிற காய்ந்த ரொட்டியைக் கடிக்கப்போகிறார்கள். ஹோட்டலிடம் அவர் கேட்டுக்கொண்ட ஒரே சலுகை, தண்ணீர் கொதிக்கவைக்க அறையில் இரண்டு கெட்டில். எனக்கு எரிச்சலாக வந்தது.

விசாவுக்கான போட்டோவைக் கொடுக்க அவர் மனைவி சுபத்ராபென் தனியாக வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் கஞ்சனா, ஊதாரியா? எனக்கு இன்னும் பிடிபடல," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடமாகத் தானும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு எழுந்துபோய் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எல்லாவற்றையும் கொட்டினார்.

புரூஜிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம் போனால் ஆண்ட்வெர்ப். அங்கே சுமதிலாலின் கூடப்பிறந்த தம்பி பிபின் இருக்கிறார். பாலன்பூரில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அண்ணன் இங்கே வைரம் பட்டை தீட்டுகிற பட்டறை வைத்தார், தம்பி அங்கே போய் விற்றுப் பெரிய ஆளாகித் தோட்டத்தோடு வீடு கட்டினார். பதினோரு வருடத்துக்கு முன் தொழில் படுத்தது. பட்டறையைக் காப்பாற்ற அண்ணன் சுபத்ராபென்னையும் கூட்டிக்கொண்டு ஆண்ட்வெர்ப் போனார், தம்பியிடம் கடன் கேட்க. அந்த மாதம் அந்த வீட்டுக்கு அப்படிப் போனவர்களில் அவர் ஐந்தாவது ஆளோ ஆறாவது ஆளோ.

"சாப்பிட உக்காந்தாச்சு," என்றார் சுபத்ராபென். "ஊர்லேருந்து வர்றவங்க எல்லாருமே கையை நீட்டிக்கிட்டுத்தான் வர்றீங்க மோட்டாபாய்னு சொல்லிட்டான் பிபின். பெரியண்ணான்னு மரியாதையாக் கூப்பிட்டுக்கிட்டே சொன்னான். இவர் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டார். இனிமே உன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காதுன்னார். அதோட விட்டிருக்கலாம். நீயும் ஒருநாள் கையேந்தி நிப்பே, அன்னிக்கு உனக்குப் போட ஆள் இருக்காதுன்னுட்டார். இங்க வந்து பட்டறையை மூடிட்டு நோட்டுக் கடை வெச்சார். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல."

அப்படியே பதினோரு சம்வத்சரி போயிருக்கிறது. அன்று மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஜைனர்கள் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கைகூப்பி, மிச்சாமி துக்கடம், என் பிழை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். ஜைனர் அல்லாத எனக்கே வருடா வருடம் முந்நூறு வாட்ஸப் வரும்.

"எண்பத்திநாலு லட்சம் ஜீவராசிகிட்டயும் மன்னிப்புக் கேக்கறார், புழு பூச்சி வரைக்கும். இவனை நினைச்சா மட்டும் நாக்கு ஒட்டிக்குதாம். ஸ்டென்ட் வெச்சிட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கு அழுதார். நேர்ல போய்க் கேட்டுடறேன் சுபத்ரான்னார். ஆனா மறுபடியும் கைநீட்ட வந்துட்டான்னு அவன் நினைச்சுடக் கூடாது. எங்க தங்கியிருக்கீங்கன்னு அவன் கேப்பான் இல்ல? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பென் ஆறு லட்சம். வைப்புநிதியை உடைச்சிட்டார். ஹோட்டல் பேரைக் குஜராத்தியில எழுதிவெச்சுக்கிட்டுத் தினம் குளிக்கும்போது சொல்லிப் பாக்கறார்."

நான் அதுவரை அவரைத் திட்டியதெல்லாம் எனக்கே திரும்பிவந்து குத்தியது. நல்ல காரியம்தானே, நடக்கட்டுமே என்றேன்.

"என்ன நல்ல காரியம்?" சுபத்ராபென் குரல் மாறியது. "தேதியைப் பாத்தீங்க இல்ல? சம்வத்சரி அன்னிக்குப் போனா இவருக்கு அங்க யாரும் ஒரு வாய் தண்ணி குடுக்க முடியாது. எல்லாரும் பட்டினி. மறுநாள் வாயைத் தொறக்கறதுக்குள்ள பிளைட். மன்னிப்பும் கேட்டாச்சு, அன்னிக்குச் சொன்ன சொல்லும் உடையல. வியாபாரி மூளை. பாதி மன்னிப்புக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். பட்டினி இருந்தவர்களுக்கு மறுநாள் காலையில் நெருங்கியவர்கள்தான் முதல் வாய் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் தன் கணவர் தம்பி வீட்டில் இருக்க வேண்டும் என்றார். தான் சொன்னால் காசு அதிகம் என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார், நீங்கள் சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொன்னேன். இன்னும் ஓர் இரவு என்றதுமே சுமதிலால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஆறு லட்சத்தைத் தாண்டும், முடியாது, பேச்சே வேண்டாம். பயந்துகொண்டுதானே விடியற்காலையில் ஓடப் பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அன்றோடு பயணமே நின்றிருக்கும். அதனால் இரண்டு நாள் ஹோட்டல்காரர்களோடு சண்டை போட்டேன். கூடுதல் இரவைப் பாதி விலைக்கு இறக்கினார்கள். மீதிப் பாதியை என் கமிஷனில் போட்டேன். போட்டுவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"பாய், மூணு ராத்திரி தங்கினா நாலாவது ராத்திரி இலவசமாம். ஒரு நாள் தள்ளிச் சாயங்கால பிளைட்ல வந்தா டிக்கெட்டும் பத்தாயிரம் கம்மி."

"எதுக்கு இலவசமாத் தர்றான்?"

"ரூம் காலியா கெடக்குதாம்."

இலவசமாக வருகிற ஒன்றை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊர் வியாபாரி எவருக்கும் மனசு வராது. அதைத்தான் நானும் நம்பியிருந்தேன்.

"சரி, போடுங்க," என்றார் கடைசியில். "ஆனா அந்த நாள் முழுக்க நான் ஹோட்டல்லதான் இருப்பேன்."

"இருங்க பாய். கால்வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க. உங்களை யாரு எங்க கூப்பிட்டா?"

போனார்கள். போய் இறங்கிய இரண்டு நாளும் ஒரு தொந்தரவும் இல்லை. கெட்டில் மட்டும் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு புகார் வந்தது, தீர்த்தேன்.

சம்வத்சரிக்கு மறுநாள் காலையில் எழுந்து போனைப் பார்த்தால் அந்த பென்ஸ் டிரைவரிடமிருந்து நான்கு செய்தி. ஆண்ட்வெர்ப்பில் சாயங்காலப் பிரார்த்தனை முடிகிற நேரம் ஜைனக் கோயில் வாசலுக்கு நேர் எதிரே காரை நிறுத்தி, தொப்பியோடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாராம். ஐயாவும் அம்மாவும் இன்னொரு பெரியவரோடு வெளியே வந்தார்களாம். தன்னைப் பார்த்தார்களாம். பார்த்துவிட்டுத் தன்னைத் தாண்டிப்போய் டிராம் ஏறிவிட்டார்களாம். நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று கேட்டிருந்தார். ஹோட்டலிலிருந்தும் ஒன்று வந்திருந்தது. பெட்டிகள் அறையில் இருக்கின்றன, ஆட்கள் திரும்பவில்லை.

மறுபடியும் சண்டையோ, நெஞ்சுவலியோ, எதையெல்லாமோ நினைத்தேன். அங்கே விடிகிற நேரம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு சுபத்ராபென்னைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் குசுகுசுவென்று. "பிபின் வீட்டுச் சமையல் ரூம்ல நிக்கறேன். இங்க ஒரு மூலையில தும்மினா இன்னொரு மூலையில கேக்கும்."

"தோட்டம் வெச்ச வீடுன்னீங்களே?"

"அதெல்லாம் போயிடுச்சு பென்."

கோயில் வாசலில் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கைகூப்பினார்களாம். யார் முதலில் சொன்னது என்று பக்கத்தில் நின்ற தனக்கே தெரியவில்லை என்றார். பிபின் குனிந்து அண்ணன் காலைத் தொட்டார். நிமிர்ந்ததும், வாங்க வீட்டுக்குப் போவோம், டிராம் வர்ற நேரமாச்சு என்றார்.

"டிராமான்னு கேட்டார் இவர். காரை வித்து மூணு வருஷம் ஆச்சு மோட்டாபாய், வீடும் அதோட போச்சு, இப்ப ஒரு கடைக்கு மேல ரெண்டு ரூம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். சரக்கு எடுத்த பெரிய பார்ட்டி ஒருத்தன் கடையை மூடிட்டானாம், இவன் பணம் அத்தனையும் முழுகிப்போச்சாம். ஊர்ல யாருக்கும் சொல்லல. இவர் மூஞ்சியில ரத்தமே இல்ல. நீயும் ஒருநாள் கையேந்தி நிப்பேன்னு சொன்னாரே, அது காதுல கேட்டிருக்கும். எதிர்ல பாத்தா அந்த டிரைவர் கதவைத் தொறந்து பிடிச்சிக்கிட்டு நிக்கறான். யாரு காரு இவ்வளவு பெருசா நிக்குதுன்னு பிபின் கேட்டான். இவர் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, யாரோ பெரிய மனுஷன் வந்திருப்பான் போலன்னு சொல்லிட்டு நடந்துட்டார்."

டிராமில் உட்கார்ந்ததும் பிபின் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். எங்க தங்கியிருக்கீங்க?

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மூணு மாசமாப் பாடம் பண்ணின பேரு பென். எனக்கே தூக்கத்துல வரும். எங்கயும் ரூம் போடல பிபின், செலவுக்குக் கட்டுப்படியாகல, உன் வீட்டுல ரெண்டு ராத்திரி எடம் குடுப்பியான்னு கேட்டார். கை நீட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்டான்னு, நிஜமாவே அவன் முன்னாடி கையை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு எறங்கற வரைக்கும் விடல."

அலுவலகத்தில் எதிரே இரண்டு பேர் சிங்கப்பூர் டிக்கெட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

போன் கை மாறியது. சுமதிலால் வந்தார். அவரும் கிசுகிசுத்தார்.

"பென், ஒரு வேலை செய்யுங்க. எங்க பெட்டி ரெண்டையும் இங்க கொண்டுவந்து போடச் சொல்லுங்க. ஹோட்டல் சீட்டு எதுவும் அதுல ஒட்டியிருக்கக் கூடாது, கிழிச்சுடச் சொல்லுங்க. அந்தக் காரும் வரக் கூடாது. சாதா டாக்ஸியில அனுப்புங்க."

"சரி பாய். ஆனா ரூம் பணம் திரும்ப வராது. ரெண்டு ராத்திரிக்கு..."

"தொகையைச் சொல்லாதீங்க, போன்ல வெளிய கேக்குது. போகட்டும்."

ஆறு லட்சத்துக்கு ஒவ்வொரு ரூபாயாக என்னோடு சண்டை போட்ட மனிதர் போகட்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளாமல் என்னால் போனை வைக்க முடியவில்லை.

"பாய், தண்ணி குடிச்சீங்களா?"

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு," என்றார். "சூரியன் கொஞ்சம் ஏறணும். பிபின் டம்ளரோட பக்கத்துலயே நிக்கறான். அவசரத்துல பாதியைக் கீழ ஊத்திட்டான். வெக்கறேன் பென்."